பழைய காரில் பெட்ரோல் பம்ப்: பழுதை உறுதிசெய்வதும் மாற்றுவதும்

பழைய கார் வழியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் முதல் பழி பெட்ரோல் பம்பின் மீதுதான் விழுகிறது. புதிய பம்ப் கடையில் கிடைக்கிறது, இரண்டு போல்ட்டில் முடிந்துவிடும் வேலை, விலையும் கையைக் கடிக்காது என்பதால், மாற்றித்தான் பார்ப்போமே என்று மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கார் இரண்டு நாள் ஓடி மறுபடியும் நிற்கும்போதுதான் உண்மையான பழுது டேங்க் மூடியிலோ வெடித்துப்போன ஒரு ஹோஸிலோ இருந்தது தெரியவரும். கழற்றிய பம்ப் அதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும். அதன் இடத்துக்கு வந்ததோ பல நேரங்களில் அதைவிடத் தரம் குறைந்ததாக இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் பம்பை மாற்றும் முறையைவிட, பழுது பம்பில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்யும் முறைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

இங்கே பேசப்படுவது கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் கார்களில் இஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் டயாபிரம் பம்ப் (டயாபிரம் என்பது மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இறைக்கும் ரப்பர் சவ்வு). அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஆகியவற்றில் இருப்பது இந்த வகைதான். பழைய உதிரிபாகக் கடைகளில் இதை ஏ.சி. பம்ப் (ஏ.சி. என்பது இங்கே ஒரு பிராண்டின் பெயர், குளிர்சாதனம் அல்ல) என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். இன்ஜெக்ஷன் முறைக்கு மாறிய கார்களில் டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கும். அதன் அழுத்தம் இந்தப் பம்பின் அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அங்கே ஹோஸைக் கழற்றிப் பார்க்கும் கீழ்க்கண்ட சோதனைகள் ஆபத்தானவை, செய்யக் கூடாது.

பம்ப் எப்படி வேலை செய்கிறது

இஞ்சினின் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்டில், மையம் விலகிய ஒரு வட்டம் இந்தப் பம்புக்கென்றே அமைக்கப்பட்டிருக்கும். இஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அந்த ஒவ்வொரு சுற்றிலும் அது பம்பின் ஆர்மை, அதாவது நெம்புகோலை, ஒருமுறை தள்ளுகிறது. ஆர்மின் மறுமுனை டயாபிரத்தைக் கீழே இழுக்க, மேலே உள்ள அறையில் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து பெட்ரோல் உள்வால்வு வழியாக ஏறி வருகிறது. கேம் விலகியதும் டயாபிரத்தின் அடியில் உள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ளி, பெட்ரோலை வெளிவால்வு வழியாகக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. இழுப்பது இஞ்சின், தள்ளுவது ஸ்பிரிங் என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பெட்ரோலின் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கின் பலத்துக்கு மேல் போகாது. பெரும்பாலான பம்புகளில் அது சதுர அங்குலத்துக்கு 1.5 முதல் 4 பவுண்டுக்குள்தான் இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறை நிறைந்து, அதன் வாயிலான நீடில் வால்வு மூடிக்கொண்டால், டயாபிரம் கீழேயே நின்றுவிட, ஆர்ம் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பம்ப் தேவைக்கு மிக அதிகமாகவே பெட்ரோல் இறைக்கக்கூடியது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்கு வேண்டியது நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 மில்லி லிட்டர். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடும்போது அதில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால்தான் பாதி செத்த பம்போடும் கார் வீட்டு வாசலில் அழகாக ஸ்டார்ட் ஆகி, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, புறவழிச் சாலையில் வேகம் பிடிக்கும்போதோ கொல்லிமலை வளைவுகளில் ஏறும்போதோ திணறத் தொடங்குகிறது. வீட்டில் ஓட்டிப் பார்த்து, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவரின் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அறிகுறிகள்

பம்பை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள் இரண்டே. முதலாவது, பம்பின் உடலில் கீழ்ப்பக்கம் உள்ள சிறு துளையிலிருந்து பெட்ரோல் கசிவது. டயாபிரம் கிழிந்தால் தெரியட்டும் என்றே வைக்கப்பட்ட துளை அது. அதிலிருந்து கறுத்த ஆயில் கசிந்தால் ஆர்ம் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள், பெட்ரோல் கசிந்தால் டயாபிரம் போய்விட்டது என்று பொருள். சில கார்களில் கிரீஸும் தூசும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்திருக்கும்; அப்போது வெளியே சொட்டு விழாது. இரண்டாவது அறிகுறி அதைவிடத் தீவிரமானது: கிழிந்த டயாபிரம் வழியாக இறங்கும் பெட்ரோல் இஞ்சினுக்குள் போய் ஆயிலோடு கலப்பது. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, விரலில் தொட்டால் தண்ணீராக ஓடி, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடித்தால், அந்த இஞ்சினை அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. பம்பில் முடிய வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடும். கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் ஆயிலில் பெட்ரோல் சேரும் என்பதால், இந்த அறிகுறியைக் கண்டால் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

மற்ற அறிகுறிகள் எல்லாம் வெறும் சந்தேகங்களே. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆவது, வால்வு ஒழுங்காக மூடாமல் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவிடுவதால் இருக்கலாம். வெயிலில் நின்ற காரின் ஃப்ளோட் அறையிலிருந்து பெட்ரோல் ஆவியாகிப் போனதாலும் இருக்கலாம். வேகத்தில் இழுத்து இழுத்துப் போய் நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆவது, அடைந்த ஃபில்டராலும் காற்று புகாத டேங்க் மூடியாலும் வேப்பர் லாக்காலும் (குழாயில் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது), சூடானதும் ஒத்துழைக்க மறுக்கும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலாலும் வரும். கடைசியாகச் சொன்னது பலரை ஏமாற்றியிருக்கிறது. சூட்டில் நின்ற காரை, சூடு ஆறும் முன்பே ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் காயில் நல்ல பிள்ளையாகிவிடும், பழி பம்பின் மேல் விழும்.

சோதனைகள்: வரிசை முக்கியம்

முதலில் டேங்கில் பெட்ரோல் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பழைய காரின் பெட்ரோல் கேஜை நம்ப வேண்டாம். ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது. அடுத்து ஸ்பார்க் சோதனை. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இஞ்சினின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதைப் பெட்ரோல் ஹோஸ் எதையும் கழற்றுவதற்கு முன்பே செய்து முடித்து, பிளக்கைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். தீப்பொறியும் திறந்த பெட்ரோலும் ஒரே நேரத்தில் பானெட்டுக்குள் இருக்கவே கூடாது.

ஸ்பார்க் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இஞ்சின் ஓடாத நிலையில், டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி, ஆக்சிலேட்டர் இயக்கும் தகடான திராட்டிலைக் கையால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மெல்லிய கம்பிபோலப் பெட்ரோல் பீய்ச்சினால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது, சிக்கல் வேறிடம். ஒன்றுமே வராவிட்டால் பெட்ரோல் கார்புரேட்டரை எட்டவில்லை. எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டரில் இப்படிப் பீய்ச்சும் அமைப்பே கிடையாது. அது உள்ள கார்களில் நேராக அடுத்த சோதனைக்குப் போகலாம்.

கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை அதன் முனையில் கழற்றி, வாய் அகன்ற ஒரு டப்பாவுக்குள் விடுங்கள். காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, உலோகத்தில் படாதபடி ஒதுக்கி வைத்தால் ஸ்பார்க் வராது. இப்போது பத்து விநாடி செல்ஃப் அடித்தால், நல்ல பம்ப் முதலில் குமிழி விட்டு, பிறகு விட்டுவிட்டுத் துடிப்போடு பெட்ரோலைத் தள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் கனமான ஒரு வீச்சு இருக்க வேண்டும். வெறுமனே ஒழுகுவதும், குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதும் சரியல்ல. குமிழி நிற்கவில்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று பொருள். அந்தக் காற்று பெரும்பாலும் பம்புக்கு முந்திய பாதையிலிருந்தே வருகிறது.

டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பாதை உறிஞ்சப்படும் பாதை, பம்பிலிருந்து கார்புரேட்டர் வரையிலானது தள்ளப்படும் பாதை. தள்ளும் பாதையில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், யாருக்கும் கண்ணில் படும். உறிஞ்சும் பாதையில் விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராமல் போகலாம். உள்ளே காற்று மட்டும் போகும். வெடித்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்க முயல்வதைப் போலப் பம்ப் வீணே இழுத்துக்கொண்டிருக்கும். இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் எங்கும் கசிவு இல்லை, எனவே பம்ப்தான் கெட்டிருக்கிறது என்ற தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

பம்பின் உள்வரும் ஹோஸைக் கழற்றி, டேங்கிலிருந்து பெட்ரோல் வழியாதபடி ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டு, பம்பின் வெறும் முனையில் விரலை வைத்து மூடிச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விரல் உள்ளே இழுக்கப்படுவது தெளிவாகத் தெரிய வேண்டும். செல்ஃபை நிறுத்திய பிறகும் அந்தப் பிடி சில விநாடியாவது நிற்க வேண்டும். இழுவையே இல்லாவிட்டால் டயாபிரமோ வால்வோ ஆர்மோ போய்விட்டது. இழுத்துவிட்டு உடனே விட்டுவிட்டால் வால்வுகளில் தூசி இருக்கலாம்.

இதற்கும் மேலே சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை ஒன்று உண்டு. சுத்தமான பெட்ரோல் உள்ள ஒரு சிறு கேனிலிருந்து, நல்ல ஹோஸ் ஒன்றின் வழியாகப் பம்பின் உள்முனைக்கு இணைப்புக் கொடுத்து, கார்புரேட்டர் ஹோஸையும் காயில் வயரையும் பழையபடி மாட்டி, இஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: அந்தக் கேன் பம்பைவிடத் தாழ்வான இடத்தில், சைலன்ஸர் குழாய்க்கும் பேட்டரிக்கும் எட்டாத தூரத்தில், சாயாதபடி இருக்க வேண்டும். கேனை உயரத்தில் பிடித்தால் பெட்ரோல் தன் எடையாலேயே பம்பின் இரு வால்வுகளையும் திறந்துகொண்டு கார்புரேட்டருக்குப் போய்விடும். செத்த பம்பும் உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். தாழ்வாக வைத்த கேனிலிருந்து இழுத்து, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கினாலும் சீராக ஓடினால், பம்பில் குற்றமில்லை. பழுது டேங்குக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிறது. திரும்பு குழாயும் சேர்த்து மூன்று முனைகள் உள்ள பம்பாக இருந்தால், கேனில் உள்ளதில் ஒரு பகுதி டேங்குக்குப் போய்விடும். கேன் வேகமாகக் குறைவதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

பழுது இடையில்தான் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் சிலவே. கார் திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பின் கார் சரியாக ஓடினால், காற்றுத் துளை இல்லாத மாற்று மூடியை யாரோ போட்டிருக்கிறார்கள். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடங்களை வளைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் நிறம் மாறியிருந்தால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். புதிய ஃபில்டர் ஒரு வாரத்தில் துருத்தூளால் நிறைந்தால், டேங்கை இறக்கிக் கழுவாமல் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது.

வேப்பர் லாக்கைக் கண்டுபிடிப்பது எளிது. சித்திரை, வைகாசி வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்ட காரின் பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனால், குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருந்தது என்று கொள்ளலாம். அதற்குத் தீர்வு பெட்ரோல் குழாயைச் சைலன்ஸர் குழாயிலிருந்து விலக்கி அமைப்பதும், பம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பழைய டயாபிரங்களின் ஆயுள் இப்போது குறைந்து வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் 10 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கு 2022-இல் எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்புள்ள இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, படிப்படியாக எல்லாப் பெட்ரோல் பங்க்குகளுக்கும் பரவியது. இந்தக் கார்களின் டயாபிரமும் ஹோஸும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்கிறது. கார் நெடுநாள் நின்று பெட்ரோல் வற்றிவிட்டால் அந்த ரப்பர் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சுவதால், ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் தண்ணீர் சேர்ந்து துருவை வளர்க்கிறது. எனவே புதிய பம்போ டயாபிரம் கிட்டோ (டயாபிரமும் வால்வுகளும் அடங்கிய உதிரித் தொகுப்பு) வாங்கும்போது, எத்தனாலுக்கு ஏற்ற ரப்பரா என்று கேட்டு வாங்குவது அவசியம். ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி அச்சிடப்பட்டிருந்தால் நம்பி வாங்கலாம். அளவு பொருந்துகிறது என்பதற்காகத் தண்ணீர் போகும், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் போடுவது மிகக் கெட்ட வழக்கம்; இஞ்சின் சூட்டில் அது சில மாதங்களிலேயே கல்லாக இறுகிவிடும்.

முழுப் பம்பா, கிட்டா?

மாருதி 800 பம்பைப்போல இரு பாதிகளும் மடித்து அழுத்தி மூடப்பட்டவற்றைப் பிரிக்க முடியாது. முழுப் பம்பைத்தான் மாற்ற வேண்டும். அம்பாசடர், பத்மினி போன்றவற்றின் திருகு போட்ட பம்புகளைப் பிரித்து டயாபிரமும் வால்வுகளும் மட்டும் மாற்றலாம். உடல் வளையாமலும் ஆர்மின் பின் தேயாமலும் இருந்தால், பழைய அசல் பம்புக்கு நல்ல கிட் போடுவதையே நான் விரும்புவேன். இன்று கிடைக்கும் சில மலிவுப் பம்புகளின் வார்ப்பைப் பார்த்தாலே அதற்கான காரணம் விளங்கும்.

கிட் போடுபவர்கள், பிரிப்பதற்கு முன் இரு பாதிகளுக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முனைகள் எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்பது மறந்துவிடும். இரண்டு வால்வுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எதிரெதிராக அமர்ந்திருக்கும். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது திருகுகளை முதலில் தளர்வாக மாட்டி, ஆர்மை அதன் முழு வீச்சுக்கும் அழுத்திப் பிடித்து, டயாபிரம் முழுவதும் கீழே இறங்கிய நிலையில், எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஆர்மை விட்டுவிட்டு இறுக்கினால் டயாபிரத்தில் தளர்ச்சி இருக்காது. ஒவ்வொரு இழுப்பிலும் அதன் விளிம்பு முறுக்கி இழுபட்டுச் சீக்கிரமே கிழியும். புதிய கிட் போட்டும் மூன்று மாதம் தாங்கவில்லை என்று வருபவர்களின் பம்புகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

கழற்றுதல்

இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் காரை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவுமே தவிர அணையாது. கூடாரத்துக்குள், வெறும் குண்டு பல்பு தொங்கும் விளக்கின் வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மேலே ஒரு துளி பெட்ரோல் பட்டு அந்தப் பல்பு வெடித்தால் அதுவே தீக்குச்சி.

ஹோஸ்களில் உள்ளே, வெளியே என்று அடையாளம் கட்டிக்கொண்டு கழற்றி, டேங்கிலிருந்து வருவதை அடைத்துவிடுங்கள். முனையில் ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸைத் திருகி இழுத்தால் பம்பின் பித்தளை முனையே கையோடு வரும். நீளவாக்கில் பிளேடால் கீறி எடுப்பதே நல்லது, அந்த ஹோஸை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பழைய அம்பாசடரின் நட்டுகள் அங்குல அளவுக்கானவை. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் சேர்வதுபோல் சேரும். ஆனால் அது சற்றே பெரிது என்பதால், இறுகிய நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். சரியான ஸ்பானரைக் கடன் வாங்கியாவது கொண்டு வாருங்கள்.

இரண்டு போல்ட்டுகளையும் சிறிது தளர்த்திய பின் பம்ப் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வந்தால், கேம் ஆர்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. இஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றினால் அந்த அழுத்தம் நீங்கும். அப்போது இரண்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, ஆர்ம் எங்கும் இடிக்காதபடி சாய்த்து வெளியே எடுக்கலாம். பத்மினி, மாருதி போன்றவற்றில் கேமுக்கும் பம்புக்கும் இடையில் சிறு புஷ் ராடு ஒன்று இருக்கும். அது நழுவிக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் முனை தேய்ந்து சிறுத்திருந்தால், எத்தனை புதிய பம்ப் போட்டாலும் இழுவை குறைவாகவே இருக்கும்.

பம்பின் பின்னால் உள்ள தடித்த கட்டையும் அதன் இருபுறப் பேக்கிங்குகளும் வெறும் கசிவுத் தடுப்புக்கானவை அல்ல. அந்தக் கட்டை இஞ்சின் சூட்டைத் தடுக்கிறது; அதோடு ஆர்ம் எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பதையும் அதன் தடிமனே தீர்மானிக்கிறது. தடிமன் கூடினால் வீச்சுக் குறைந்து பெட்ரோல் போதாது. குறைந்தால் டயாபிரம் அளவுக்கு மீறி இழுபடும். எனவே கழற்றியபோது இருந்த அதே தடிமனைத் திரும்ப வையுங்கள். ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டுமுன் இஞ்சினின் துளைக்குள் பனியன் துணியைத் திணித்துவிடுங்கள். சுரண்டிய தூள் உள்ளே விழுந்தால் அது ஆயிலோடு ஊர் சுற்றும்.

பொருத்துதல்

புதிய பம்பைப் பழையதின் அருகில் வைத்து, ஆர்மின் நீளம், வளைவு, போல்ட் துளைகளின் இடைவெளி, முனைகள் பார்க்கும் திசை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உள்முனையை விரலால் மூடி ஆர்மைக் கையால் அழுத்திப் பார்த்தால், காருக்குப் போகும் முன்பே அதன் இழுவை தெரிந்துவிடும். கடையிலேயே இதைச் செய்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். ஆர்ம் கேமில் உரசும் முகத்தில் சுத்தமான இஞ்சின் ஆயிலைத் தடவி, பேக்கிங்குகளையும் கட்டையையும் வரிசையாக வைத்து, ஆர்மை உள்ளே சாய்த்துச் செலுத்த வேண்டும். கையால் அழுத்தும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவது தெரிய வேண்டும். இஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றியும் எந்த இடத்திலும் எதிர்ப்பே இல்லாவிட்டால் ஆர்ம் கேமின் மேல் அமரவில்லை. அப்படியே போல்ட்டை முறுக்கினால் ஆர்ம் உடையும். போல்ட்டுகளை இரண்டு பக்கமும் சமமாக, குட்டை ஸ்பானரில் மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி முறுக்கினால் பம்பின் மெல்லிய வார்ப்புக் காது வெடித்துவிடும்.

உள்ளே, வெளியே என்ற முனைகளை மாற்றி இணைத்துவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேரும் தவறு. பம்பின் மேல் உள்ள அம்புக்குறியைப் பார்த்தே இணைக்க வேண்டும். ஹோஸுக்குப் பெட்ரோல் ஹோஸ் கிளிப் போடுங்கள், கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினால் அது ரப்பரை அறுத்துவிடும். புதிய ஃபில்டரைப் பம்புக்கு முன்னால், அம்புக்குறி பம்பை நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் கார்புரேட்டர் நிறைய வேண்டும். கை லீவர் உள்ள பம்புகளில் அதை அழுத்தியே நிரப்பலாம். லீவர் பிடிப்பின்றி ஆடினால் கேம் ஆர்மைத் தள்ளிய நிலையில் நிற்கிறது, இஞ்சினைக் கொஞ்சம் சுற்றினால் சரியாகிவிடும். லீவர் இல்லாதவற்றில் பத்து விநாடி செல்ஃப் அடித்து அரை நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடியுங்கள்; விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து படுத்துவிடும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பேக் ஃபயர் வந்தால், அதாவது இஞ்சினுக்குள் எரியும் தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வந்தால், முகத்தில் தீ.

பழைய பம்பில் தொல்லை தாங்காமல் பொதுவான மின்சாரப் பம்பு ஒன்றைப் போட்டுவிடுபவர்கள் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் அதன் அழுத்தம் 4 பவுண்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து கார்புரேட்டரை வழியவிடும். இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும் வகையில் ஒரு துண்டிப்பு ரிலேயும் கட்டாயம் வேண்டும். விபத்தில் ஹோஸ் அறுந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும் பம்ப், கார் பற்றி எரிவதற்குத் துணைபோகும்.

ஓடத் தொடங்கியதும் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டிவிடும். டயாபிரம் கிழிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால், இஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் காலையில் கார் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் மறுபடியும் ஏறினால், உடனே புதிய பம்பைக் கழற்றாமல் முதலில் கார்புரேட்டரின் நீடில் வால்வையும் ஃப்ளோட்டையும் சோதியுங்கள். பழைய பம்பின் தளர்ந்த ஸ்பிரிங்குக்கு எப்படியோ மூடிக்கொண்டிருந்த தேய்ந்த நீடில், புதிய பம்பின் முழு அழுத்தத்துக்குத் தாங்காமல் திறந்துவிடுவது உண்டு.